ஏறுவதும் இறங்குவதும்

சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை நாம் பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறோம். மயிற்பொறி வரும் இடத்தில் மாணவர் முகம் மலர்வதை ஒவ்வோர் ஆண்டும் கண்டிருக்கிறோம். கருவுற்றிருந்த விசயைக்காகச் சச்சந்தன் மயில் வடிவில் ஒரு வான்பொறி செய்வித்தான். அதனைச் செலுத்தவும் அவளைப் பழகச் செய்தான். பொறியை வலப்புறம் திருகினால் மயில் எழும்; இடப்புறம் திருகினால் இறங்கும். கட்டியங்காரனின் வெற்றி முரசு செவியில் விழுந்ததும் விசயை மயங்கினாள். மயில் சுடுகாட்டில் இறங்கியது. சீவகன் அங்கே பிறந்தான். இவ்வளவும் நாம் மனப்பாடமாகச் சொல்லக் கூடியவையே.

2025 நவம்பர் 13ஆம் நாள், வியாழக்கிழமை. அன்றும் அப்பகுதியையே நடத்திக்கொண்டிருந்தோம். கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அந்த அரசி கீழே வந்தது பயிற்சி போதாமையாலா, மயக்கத்தாலா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம். ஆயினும் அக்கேள்வி அன்று நம் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. காரணம், நம் இல்லத்து மேசையில் நம் கையெழுத்துக்காக ஒரு தாள் காத்துக் கிடந்தது.

அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் தந்தையார் சென்னைத் துறைமுகத்தில் சரக்குக் கணக்கெழுதும் டாலி கிளார்க்காகப் பணியாற்றியவர். கீழக்கரையிலிருந்து வந்து, மண்ணடியில் ஒண்டுக் குடித்தனம் இருந்து, பின்னர் மாதவரம் பால்பண்ணைக்கு அருகே வீடு கட்டிக்கொண்டவர். வீட்டை ஒட்டி ஒரு மனையும் வாங்கிப் போட்டார். அவர் மறைவுக்குப் பின் ஷரீஅத் முறைப்படி அம்மனையில் நமக்கு இரு பங்கு, ராத்தாவுக்கு ஒரு பங்கு. ராத்தா இராயபுரத்தில் இருக்கிறார். மச்சான் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய ஒரே மகள், பத்தொன்பது வயதுப் பிள்ளை, விமானி ஆக வேண்டும் என்கிறாள். அதற்கு ஆகும் செலவு ஐம்பது இலட்சத்தை ஒட்டி நிற்கிறது. வட்டிக் கடன் வேண்டாம் என்பது ராத்தாவின் உறுதி. ஆகவே மனையை விற்று, அவர் பங்கு போகக் குறைவதை நம் பங்கிலிருந்து அழகிய கடனாகக் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தோம். மேசையில் இருந்த தாள் அந்த விற்பனை ஒப்பந்தம்.

வியாழன் மாலை செய்தி வந்தது. சேலத்திலிருந்து கிளம்பிய செஸ்னா 172 பயிற்சி விமானம் ஒன்று, நடுவானில் கோளாறு ஏற்பட்டு, திருச்சி - புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையில் அம்மாசத்திரத்திற்கு அருகே இறங்கியது. முன்பகுதி சிதைந்தது, உள்ளிருந்தோர் உயிர் தப்பினர். இரவு ராத்தா தொலைபேசியில் அழைத்தார். "ஒருவருக்கும் ஒன்றும் இல்லை, ராத்தா. அல்ஹம்துலில்லாஹ்" என்று ஆறுதல் கூறினோம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து துறைக்குத் திரும்பி அமர்ந்த சிறிது நேரத்தில் அலுவலக உதவியாளர் தம் கைப்பேசியை நம்மிடம் நீட்டினார். வழக்கமான பயிற்சிக்குப் புறப்பட்ட விமானப்படையின் பிலாட்டஸ் பி.சி. 7 விமானம், தாம்பரத்திற்கு அப்பால் திருப்போரூர்ப் பகுதியில் பிற்பகல் இரண்டரை மணி அளவில் விழுந்தது. விமானி இருக்கையோடு வெளியேறிக் குடை விரித்து உயிர் பிழைத்தார். தாம்பரம் சாதாரண இடமன்று. பிறர்க்குப் பறக்கக் கற்பிக்கும் ஆசிரியர்களையே உருவாக்கும் விமானப்படைப் பள்ளி 1954 முதல் அங்கே இயங்குகிறது. ஆசிரியர்க்கு ஆசிரியர் வாழும் ஊரின் வானிலேயே இது நேர்ந்தது.

மஃரிப் தொழுகைக்கு முன்பே ராத்தா மாதவரம் வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றவாறே, "நேற்று ஒன்று, இன்று ஒன்று. நாளைக்கு எது, தம்பி? அந்தத் தாளைக் கிழித்துப் போடு" என்றார். நம்மிடம் விடை இல்லை. ஐந்து மாதங்களுக்கு முன், ஜூன் 12ஆம் நாள், அகமதாபாத்தில் பயணிகள் விமானம் விழுந்து 260 உயிர்கள் மாய்ந்த காட்சியை நாடே கண்டிருந்தது. அப்போதே கலங்கிய தாயுள்ளம் இது. அவரை எந்தச் சொல்லால் தேற்றுவது?

உடன் வந்திருந்த பிள்ளை அழவில்லை, வாதாடவும் இல்லை. தண்ணீர் கொண்டுவந்து உம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, "உம்மா, நேற்று அவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று கேளுங்கள். பிறகு கிழிக்கலாம்" என்றாள். அதன்பின் அவள் விளக்கியதை நம் நடையில் தருகிறோம்.

இயந்திரம் நின்றால் விமானம் கல்லைப்போல் விழுந்துவிடுவதில்லை. இறக்கை இருக்கும்வரை அது சறுக்கிக்கொண்டே இறங்கும். செஸ்னா போன்ற சிறு விமானம் ஆயிரம் அடி உயரத்திலிருந்து இரண்டரைக் கிலோமீட்டர் தொலைவு வரை அவ்வாறு செல்லக்கூடும். அந்தத் தொலைவுக்குள் ஒரு வயலையோ சாலையையோ தேர்ந்து இறங்குவதுதான் பயிற்சி. மேலெழுந்த உடனேயே இயந்திரம் நின்றால், விட்டு வந்த ஓடுபாதைக்குத் திரும்ப ஆசைப்படக் கூடாது. எதிரே கிடைத்த இடத்தில் இறங்க வேண்டும். திரும்ப முயன்று மாண்டவர் உலகெங்கும் பலர்.

மற்றொன்றையும் சொன்னாள். காற்றை இறக்கை எதிர்கொள்ளும் கோணம் ஏறத்தாழப் பதினைந்து பாகையைத் தாண்டினால், இறக்கை தன் தாங்கும் ஆற்றலை இழக்கிறது. அப்போது விமானம் தளர்ந்து மூக்குக் கவிழும். விழுகிறோம் என்று அஞ்சிய மனிதனின் கை தானாகவே பிடியைத் தன்பக்கம் இழுக்கும், விமானத்தை மேலே தூக்கிவிடலாம் என்று. இழுத்தால் கோணம் இன்னும் பெருகி விமானம் சுழன்று வீழும். பிடியை முன்னே தள்ளி மூக்கைத் தாழ்த்தினால்தான் இறக்கை மீண்டும் உயிர் பெறும். அச்சம் சொல்வதற்கு நேர் எதிரானதைக் கை செய்ய வேண்டும். அதற்காகவே அதனை மீண்டும் மீண்டும் பழக்குகிறார்கள்.

ராத்தா கேட்டுக்கொண்டிருந்தார். நாமோ ஆசிரியர்க்கே உரிய ஐயத்துடன், "நல்லதை மட்டும் சொல்கிறாயே, அம்மா" என்றோம். அவள் தலை குனிந்து, "இல்லை மாமா, மற்றதும் தெரியும்" என்று அவற்றையும் சொன்னாள். 2024 ஆகஸ்ட் 20இல் ஜாம்ஷெட்பூரிலிருந்து எழுந்த செஸ்னா 152 விமானம் சாண்டில் அணை நீரில் வீழ்ந்தது. பயிற்சியாளர், மாணவர் இருவருமே மாண்டனர். கடற்படையினர் வந்தே விமானத்தை மீட்டனர். 2025 ஏப்ரல் 22இல் குஜராத்தின் அம்ரேலியில் தனியே பறந்த மாணவர் ஒருவர் குடியிருப்புப் பகுதியில் விழுந்து உயிர் நீத்தார். ஜூலை 8இல் கனடாவின் மானிடோபாவில் இரு மாணவர்கள் ஓட்டிய இரு விமானங்கள் வானிலேயே மோதின. இருவரும் மடிந்தனர், ஒருவர் நம் அண்டைக் கேரளத்துப் பிள்ளை. இத்தனையும் அறிந்த பின்னும் வேண்டும் என்கிறாளே என்று வியந்தோம். அறிந்திருப்பதாலேயே சற்று நிம்மதியும் கொண்டோம்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. மாடியில் உலவினோம். வடக்கே புழல் ஏரிப் பக்கத்திலிருந்து ஈரக்காற்று வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்தச் செங்குன்றம் ஏரியைத் தளமாகக் கொண்டு பிரிட்டானிய விமானப்படையின் காட்டலினா விமானங்கள் இயங்கின. நீரில் இறங்கி நீரிலிருந்தே எழும் அந்தப் பறக்கும் படகுகளைப் பற்றி நம் பாட்டனார் சொல்லிச் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். சற்று அப்பால் சோழவரத்திலும் போர்க்கால ஓடுபாதை ஒன்று இருந்தது. பிற்காலத்தில் அது மோட்டார் பந்தயக் களமாயிற்று. இலாரிகளும் கிடங்குகளும் சூழ்ந்த இந்த வடசென்னைக்கும் வானத்துக்கும் என்ன உறவு என்று எண்ணுவோர் உளர். உறவு பழையது, நாம்தாம் மறந்துவிட்டோம். சென்னையிலேயே உணவுவிடுதி நடத்திய டி ஆஞ்சலிஸ் என்பவர், சிம்ப்சன் நிறுவனத்தில் கட்டுவித்த விமானத்தில் 1910ஆம் ஆண்டிலேயே பறந்து காட்டினார். சென்னைப் பறப்புக் கழகம் 1930இல் தோன்றியது.

பாட்டனாரை நினைத்ததும் பாட்டியாரும் நினைவில் வந்தார். கீழக்கரையில் கணவரையும் மக்களையும் கப்பலுக்கு அனுப்பிவிட்டுக் கரையில் இருந்த தலைமுறை அது. கடல் கொண்டு போனவர் கணக்கு ஒவ்வொரு தெருவுக்கும் உண்டு. அதனால் எவரும் கடலைத் துறந்துவிடவில்லை. ஓதிப் பார்த்து, நீர் தெளித்து, வழியனுப்பிவிட்டு, திரும்பும் நாள் வரை ஒரு கண் வாசலிலேயே வைத்திருந்தனர்.

ஞாயிற்றுக்கிழமை, தந்தையாரின் நண்பர் ஒருவர் வழியாக, பெரம்பூரில் வாழும் ஓய்வுபெற்ற பறப்புப் பயிற்சியாளர் ஒருவரைக் காணச் சென்றோம். எழுபதைக் கடந்தவர், தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ராத்தாவும் பிள்ளையும் உடன் வந்தனர். பெரியவர் பிள்ளையை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ராத்தாவைப் பார்த்தே பேசினார்.

"அம்மா, பயிற்சி விமானத்தில் இரண்டு இருக்கை. இரண்டுக்கும் தனித்தனிப் பிடி. மாணவர் தவறினால் ஆசிரியர் பிடித்துக்கொள்வார். இதில் அஞ்சுவதற்குக் குறைவு. ஒருநாள் ஆசிரியர் எதுவும் சொல்லாமல் கதவைத் திறந்து இறங்கிவிடுவார். 'ஒரு சுற்றுப் போய்விட்டு வா' என்பார். அதுதான் முதல் தனிப்பறப்பு. ஏழெட்டு நிமிடந்தான். அந்த நேரம் முழுவதும் நான் ஓடுபாதை ஓரத்தில் நிற்பேன். எத்தனை மாணவரை அனுப்பினாலும் அந்த ஏழு நிமிடம் எனக்குப் பழகவே இல்லை."

ராத்தா மெல்லக் கேட்டார்: "உங்கள் பிள்ளைகள் எவரும் விழுந்தது உண்டா?"

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். பல்லாண்டுகளுக்கு முன், வேற்று மாநிலமொன்றில், அவர் ஒரு மாணவனைத் தனியே அனுப்பினார். திரும்பி இறங்குகையில் அவன் வேகம் மிகுந்து ஓடுபாதையைத் தொட்டான். விமானம் பந்துபோல் துள்ளியது. அவன் பதறிப் பிடியை முன்னே தள்ளினான். மூக்குச் சக்கரம் ஒடிந்து, சுழலி தரையில் மோதி, விமானம் குப்புறச் சாய்ந்தது. அவன் தோளெலும்பு முறிந்தது. "உயரத்தில் மூக்கைத் தாழ்த்தினால் உயிர் பிழைக்கலாம். தரையருகே அதையே செய்தால் ஒடியும். அந்த வேறுபாடு அவன் கைக்கு இன்னும் வரவில்லை. நான் இரண்டு நாள் முன்னதாக இறங்கிவிட்டேன். குற்றம் அவனுடையதன்று, என்னுடையது. அப்படியே எழுதிக் கொடுத்தேன்" என்றார்.

"அந்தப் பையன் என்ன ஆனான்?" என்றார் ராத்தா.

"எலும்பு கூடிவிட்டது. ஆனால் அவன் திரும்பி வரவில்லை, தாயார் விடவில்லை. கடை வைத்து நன்றாக இருக்கிறான். பண்டிகைதோறும் எனக்குப் பேசுவான். மேலே ஓசை கேட்டால் இன்றும் கல்லாவை விட்டு வெளியே வந்து நிமிர்ந்து பார்ப்பானாம். அவன் தாயாரை நான் குறை சொல்லமாட்டேன், அம்மா. நடந்ததைச் சொன்னேன்."

விடைபெறும்போது பெரியவர் நம்மிடம் மூன்று செய்திகளைக் கூறினார். பணம் கட்டுமுன் நிறுவனத்திடம் எத்தனை விமானம், எத்தனை ஆசிரியர், எத்தனை மாணவர் என்று கேட்க வேண்டும். பழுதுபார்க்கும் கூடத்தைக் கண்ணால் காண வேண்டும். மாணவர் தம் தவற்றைத் தாமே சொன்னால் அங்கே தண்டிப்பார்களா, கற்பிப்பார்களா என்று அங்குள்ள பிள்ளைகளிடமே விசாரிக்க வேண்டும். இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககம் 2025ஆம் ஆண்டு பறப்புப் பயிற்சி நிறுவனங்களைத் தரப்படுத்திப் பட்டியல் வெளியிடத் தொடங்கியது என்பதையும், அம்முதற் பட்டியலின் உச்சித் தரங்கள் இரண்டிலும் எந்த நிறுவனமும் இடம்பெறவில்லை என்பதையும் அவர் சொல்லியே அறிந்தோம். வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் பொறுப்பு முழுவதும் மாணவர் கையில். விபத்து நேர்ந்தால் ஆராயும் விசாரணையின் நோக்கம் பழி சுமத்துவதன்று. அது மீண்டும் நேராமல் தடுப்பதே என்பது உலகம் ஒப்புக்கொண்ட நெறி. விடைத்தாளில் சிவப்பு மையால் சுழிப்பதோடு கடமை முடிந்தது என்று எண்ணிய பல மாலைப்பொழுதுகள் அப்போது நம் நினைவில் வந்து வருத்தின.

பேருந்தில் ராத்தா பேசவில்லை. மூலக்கடை தாண்டிய பின், "பெண் பிள்ளை ஆயிற்றே என்று ஊரார் சொல்வார்கள்" என்றார். நாம் சரளா துக்ராலைப் பற்றிக் கூறினோம். 1936இல், தம் இருபத்தோராம் வயதில், சேலை உடுத்தியே லாகூரில் விமானம் ஓட்டி, உரிமம் பெற்றவர் அவர். விமானியான அவர் கணவர் 1939இல் விபத்தில் மாண்டார். இன்று இந்திய விமானிகளுள் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைவர் பெண்கள். உலக அளவில் இது நூற்றுக்கு ஐவர் என்ற அளவே. "அந்த அம்மாவுக்கும் கணவர் போனாரா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, ராத்தா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

நம் முன்னோர் வரலாற்றிலும் இத்தகைய வீழ்ச்சிகள் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் குர்துபாவில் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் இறக்கை கட்டிப் பறந்தார் என்றும், இறங்குகையில் அடிபட்டார் என்றும், பறவை வாலால் இறங்குவதை அவர் கவனியாமையே காரணம் என்றும் பின்வந்த வரலாற்றாசிரியர் மக்கரீ எழுதினார். ஏறுவதற்கு வேண்டியதை எல்லாம் எண்ணியவர் இறங்குவதற்கு வேண்டியதை எண்ணவில்லை. இன்று நிலவின் குழிவு ஒன்று அவர் பெயரால் வழங்குகிறது. அடுத்த நூற்றாண்டினர் அல் ஜவ்ஹரீ. அரபு அகராதியாம் 'ஸிஹாஹ்' இயற்றிய சொல்லறிஞர். அவர் நைசாப்பூரில் மரச்சிறகு கட்டிக்கொண்டு கூரையிலிருந்து பாய்ந்து உயிர் நீத்தார் என்பர். சொல்லை எல்லாம் அறிந்தவர்க்கும் காற்று ஒரு தனிப்பாடமாக இருந்தது. ஏட்டறிவு வேறு, கையறிவு வேறு என்று நம்போன்ற மொழியாசிரியர்க்கு இவ்வரலாறு சொல்கிறது.

அன்றிரவு உணவுக்குப் பின் பிள்ளை உம்மாவின் அருகே அமர்ந்தாள். "உம்மா, நீங்கள் வேண்டாம் என்றால் நான் போகவில்லை. ஆனால் விழுந்தவர்களை மட்டும் பார்த்துச் சொல்லாதீர்கள். என்னையும் பார்த்துச் சொல்லுங்கள்" என்றாள். ராத்தா அவளை நெடுநேரம் பார்த்தார். பின்பு எழுந்து சென்று மேசையிலிருந்த தாளை எடுத்து வந்தார். கிழிப்பார் என்றே நாம் எண்ணினோம். அவர் அதனை நம் முன் வைத்து, "பிஸ்மி சொல்லிப் போடு, தம்பி" என்றார். நாம் கையெழுத்திட்டோம். தம் பெயரை எழுதும்போது ராத்தாவின் கை நடுங்கியது, எழுத்து கோணியது. எழுதி முடித்து, மகளை நிமிர்ந்து பார்த்து, "மூக்கை எப்போது தாழ்த்த வேண்டும், எப்போது தாழ்த்தக் கூடாது என்று அந்தப் பெரியவர் சொன்னாரே, அதை மறந்துவிடாதே" என்றார்.

இதனை எழுதும் இந்நாளில் அவள் மருத்துவத் தகுதிச் சான்று பெற்று, எழுத்துத் தேர்வுகளுக்குப் படித்து வருகிறாள். இன்னும் ஒரு முறைகூட மேலே எழவில்லை. ராத்தா செய்தி கேட்பதை நிறுத்தவில்லை, அஞ்சுவதையும் நிறுத்தவில்லை. விற்ற மனையில் யாரோ கிடங்கு கட்ட அடித்தளம் தோண்டுகின்றனர். தந்தையார் நட்ட முருங்கை அங்கே இப்போது இல்லை. அந்த வெற்றிடத்தைக் காணும்போதெல்லாம் நாம் செய்தது சரிதானா என்ற கேள்வி எழுகிறது. அக்கேள்வியுடனேயே கல்லூரிக்கு வருகிறோம்.

கடைசி வரிசை மாணவனுக்கு நாம் விடை கடன்பட்டிருக்கிறோம். தம்பி, விசயைக்குப் பயிற்சி இருந்தது. மயக்கமும் வந்தது. இரண்டும் மனிதர்க்கு உரியவை. ஆனால் மயில் சிதறவில்லை, அவள் பிழைத்தாள், பிள்ளையையும் காத்தாள். அவளைப் பழகச் செய்த சச்சந்தன் அன்று உடன் ஏறவில்லை, ஏறவும் இயலாது. கற்பிப்பவர் எவரும் ஒருநாள் கதவைத் திறந்து இறங்கியே ஆக வேண்டும். முன்னதாக இறங்கினாலும் பிழை; இறங்காமலே இருந்துவிட்டாலும் பிழை. சரியான நாள் எது என்பதை மட்டும் எந்த நூலும் சொல்வதில்லை.

மாணவச் செல்வங்களே, நீங்கள் எழுக. எழுமுன் இறங்கக் கற்றுக்கொள்க. தவறினால் மறைக்காது சொல்க. உங்களை வழியனுப்பிவிட்டுக் கீழே நிற்போரின் அந்த ஏழு நிமிடங்களை மறவாதிருங்கள். ஏறுவோர் யாவரையும் எல்லாம் வல்ல இறைவன் நலமே தரை சேர்ப்பானாக.